நாலு டயர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. சூலூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் இந்துமதிக்கு முப்பத்தொரு வயது. அவளிடம் வண்டி பழகும் நஞ்சப்பனுக்கு ஐம்பத்துநான்கு. அவளை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டேதான் வகுப்புக்கு வந்தார். அதில் ஓர் ஏலம். மூன்று சக்கர லோடு ஆட்டோ, பாதி விலைக்கு. பணம் கட்ட இன்னும் பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது.

வேலை பார்த்த மில்லை மூடியபோது கொடுத்த காசு மட்டுமே அவரிடம் மிச்சம். அதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

"கட்டிரட்டுங்களா மாஸ்டர்?"

"வண்டிய நேர்ல பாத்தீங்களாண்ணா?"

"குடோனுக்குள்ள விடமாட்டாங்களாமா. ஆளாளுக்கு நொழஞ்சா சாமான் காணாமப் போயிருமில்லீங்களா."

"ஆர்.சி. புக்கு?"

"அனுப்பலீங்க. அவசரத்துல மறந்திருப்பாங்க."

"பணம் யாரு பேருக்குப் போகுது?"

"யாரோ ஒரு அம்மா பேருங்க. ஆபீஸ்ல கணக்குப் பாக்கறவங்களா இருக்கும்."

எட்டு நிமிடம். நெற்றியெல்லாம் வேர்த்து வழிந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

இந்துமதி கையை நீட்டிப் போனை வாங்கினாள். ஏலக்காரனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், அந்த லோடு ஆட்டோவுக்கு நாலு டயரும் எப்படிங்க இருக்குது?"

"நாலும் புத்தம் புதுசு மேடம். சீக்கிரம் கட்டுங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். வண்டியின் படத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

நஞ்சப்பன் குனிந்தார். போனில் இருந்த படத்தைப் பார்த்தார். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. இரண்டு தடவை எண்ணினார். பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஸ்டெப்னியவும் சேத்திச் சொல்லியிருப்பாருங்க மாஸ்டர்."

ஐந்து நிமிடம்.

இந்துமதிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். வேண்டுமென்றால் கட்டிக்கொள்ளட்டும்.

"அந்தாளு எங்கிட்டச் சொன்ன பொய் ஒண்ணுதானுங்ணா. மத்த நாலும் அந்தாளுக்காக நீங்க சொன்னது."

நஞ்சப்பன் பணம் கட்டவில்லை. அவர் கையிலேயே அந்த ஐந்து நிமிடமும் ஓடித் தீர்ந்தது.