மன்னரின் வலது இடுப்பு

வேங்கைநாட்டு மன்னர் கோதண்டவர்மருக்கு ஆறு மாதமாக வலது இடுப்பின் வெளிப்பக்கம் வலி. எண்ணெய் தேய்த்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், பற்றுப் போட்டார்கள். வலி போகவில்லை.

"இனி ஒரே வழிதான்," என்றார் அரண்மனை வைத்தியர் நஞ்சுண்டர். "இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு போட வேண்டும். நாளைக்கே நல்ல நேரம்."

மன்னருக்கு வியர்த்தது. வாய்ச் சாமர்த்தியத்தாலேயே சபையில் இடம்பிடித்த உலகளந்தானைப் பார்த்தார்.

"என் நோய் என்னவென்று நீ சொல். ஆனால் என்னைத் தொடக் கூடாது, என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. அமுக்கியும் கேட்டும் இவர்கள் என்னைக் கொன்றுவிட்டார்கள். தப்பாகச் சொன்னால் அந்தச் சூடு உனக்கு."

நஞ்சுண்டர் சந்தோஷமாகத் தாடியைத் தடவிக்கொண்டார். உலகளந்தானுக்கு இப்போதே இடுப்பு சுட்டது.

யோசித்தான். குனிந்து பாதரட்சை மாட்டும்போது மன்னர் முகம் சுளிப்பதில்லை. அப்படியானால் மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் நொண்டிக்கொண்டு வருகிறார், மதியத்துக்குள் தேவலை. அப்படியானால் வினை இரவில்தான். மகாராணியும் மன்னரும் சபையில் முகம் கொடுத்துப் பேசியே வெகு நாளாகிறது. அவன் மெல்ல மகாராணி மாதங்கி பக்கம் திரும்பினான்.

"தாயே, உங்களுக்கு இடது இடுப்பு வலிக்கிறதா?"

மகாராணி திடுக்கிட்டாள். "நான் யாரிடமும் சொல்லவில்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"மன்னர் இரவெல்லாம் வலப்பக்கம் ஒருக்களித்துச் சுவரைப் பார்க்கிறார். நீங்கள் இடப்பக்கம் ஒருக்களித்துச் சன்னலைப் பார்க்கிறீர்கள். அடியில் மாட்டிய தசைநார் நசுங்கிப் புண்ணாகிவிட்டது. எத்தனை நாளாக இப்படி, தாயே?"

"என் அதிரசத்தைக் கல் என்று இவர் சொன்ன நாளிலிருந்து," என்றாள் மகாராணி.

சபை முழுக்க இருமியது. மன்னர் கூரையைப் பார்த்தார்.

"மருந்து?" என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில்.

"இருவரும் முகம் பார்த்துப் படுக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. பகலில் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கக் கூடாது. இடுப்புத் தசைக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி. பொறுமையாகச் செய்தால் மூன்று மாதம்."

சொன்னபடியே மூன்றாம் மாதம் மன்னர் கோட்டைப் படிகளை யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். மகாராணி அவருக்கு முன்னால் ஏறினாள். உலகளந்தானுக்கு முத்துமாலை கிடைத்தது.

மாலையைப் போட்டுவிட்டு மன்னர் அவன் காதருகே குனிந்தார். "ஒரு சந்தேகம். எங்களுக்குள் மறுபடியும் சண்டை வந்தால் எப்படிப் படுப்பது?"

"மல்லாந்து படுங்கள், அரசே. கோபத்தைக் கூரையிடம் காட்டுங்கள்."