பூங்கொடி நகர் சிங்கப்பூர் போனது

அறிவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வெளிநாடு போன ஒன்பது பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

கூத்தன்குறிச்சிக்கு மேற்கே பூங்கொடி நகர் என்று ஒரு குடியிருப்பு. அங்கே பூவும் கிடையாது, கொடியும் கிடையாது. ஒரு நலச்சங்கம் மட்டும் உண்டு. தலைவர் செண்பகராஜன், அரிசி மண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு, வேறு வேலை இல்லாததால் தலைவர் ஆனவர். செயலாளர் பொன்னையா, தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் முத்திரை குத்தியவர். ஒரு விதியைக் கேட்டுவிட்டால் அதையும் மனதில் அப்படியே குத்திக்கொள்வார்.

அந்த வருடம் பக்கத்துக் காலனிக்காரர்கள் தாய்லாந்து போய்விட்டு வந்து, பால் வாங்க வருகிறவர்களுக்குக்கூட போட்டோ காட்டினார்கள். பூங்கொடி நகருக்குப் பொறுக்கவில்லை. உடனே சிங்கப்பூர் போவது என்று முடிவாயிற்று. டூர்க்காரரோடு கூட்டமாகப் போவதா, அவரவர் தனியாகப் போவதா என்பதுதான் பாக்கி.

இந்த முடிவுக்காக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் குருவம்மாள். அவளுடைய ஒரே தங்கை செல்லத்தாய் சிங்கப்பூரில் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் பார்த்துப் பதினொரு வருடம் ஆகிறது. தனியாக விமானம் ஏற குருவம்மாளுக்குப் பயம். சங்கம் கூட்டமாகப் போனால்தான் அவள் தங்கை முகத்தைப் பார்க்க முடியும்.

செண்பகராஜனின் மகன் போனில் ஒரு யோசனை சொன்னான். "நல்லது என்ன, கெட்டது என்னன்னு தனித்தனியா எழுதுங்கப்பா. எது அதிகமா இருக்கோ அதுப்படி செய்யுங்க."

நல்லதைப் பொன்னையா எழுதினார். வழி தெரிய வேண்டாம். பாஷை தெரிய வேண்டாம். சிங்கப்பூரிலும் சாம்பாரே போடுவார்கள். தொலைந்துபோனால் எல்லோரும் சேர்ந்தே தொலைந்துபோகலாம். தபால் ஆபீஸ் கையெழுத்து, எறும்பு மாதிரி இருக்கும். எல்லாம் பாதி போஸ்ட்கார்டில் அடங்கிவிட்டது.

கெட்டதை எழுதியவர் இன்பராஜ். இரும்புக்கடைக்காரர், தன் கடை போர்டைத் தானே எழுதுகிறவர். பிரஷ்ஷில் எழுதினார். பார்க்க வேண்டிய இடத்தில் பத்து நிமிடம். வாங்கத் தேவையில்லாத கடையில் இரண்டு மணி நேரம். சாப்பிட்ட கை காய்வதற்குள் பஸ்ஸில் ஏறு என்பார்கள். இந்த மூன்றை எழுதவே நான்கு சார்ட் பேப்பர் ஆயிற்று.

இன்பராஜ் டேப் வைத்து அளந்தார். "கெட்டது பத்தடி. நல்லது மூணு அங்குலம்."

"அப்போ தனித்தனியாப் போறதுதான் நியாயம்" என்றார் செண்பகராஜன்.

குருவம்மாள் எழுந்து வீட்டுக்குப் போனாள். கல்யாணப் பந்தியில் இலைக்கு அடியில் விரிக்கிற பேப்பர் சுருள் ஒன்று அவளிடம் மிச்சம் இருந்தது. அதில் முழத்துக்கு ஒரு எழுத்தாக, "கூட்டமாப் போனா பயம் இல்ல" என்று எழுதிக் கொண்டுவந்து விரித்தாள். சங்கக் கட்டிடம் போதாமல் வாசல் தாண்டித் தெருவுக்குப் போயிற்று.

இன்பராஜ் அளந்து பார்த்து, "நான் தோத்துட்டேன்" என்றார். அவர் நேர்மையான மனிதர்.

டூர் கம்பெனி ஒரு வழிகாட்டியை அனுப்பியது. ஜெரால்டு என்று பெயர், மதுரைக்காரர். காதிலிருந்து போனை எடுக்காமலே பேசுகிற பிள்ளை. விமான நிலையத்தில் எல்லோரையும் நிற்கவைத்து மூன்று விதிகள் சொன்னார்.

"குழுவை விட்டு யாரும் பிரியக் கூடாது. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது. வெளியாள் யாரோடயும் பேச்சுக் குடுக்கக் கூடாது. என் கையில இருக்கிற பச்சைக் கொடியைப் பார்த்துக்கிட்டே பின்னால வாங்க. அவ்வளவுதான், ஜாலியா இருங்க."

பொன்னையா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஜாலியாக இருப்பதையும் நான்காவது விதியாகச் சேர்த்துக்கொண்டார்.

சிங்கப்பூரில் இறங்கியதும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி பாஸ்போர்ட் கேட்டார். செண்பகராஜன் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டார். பின்னால் எட்டுப் பேரும் அதே மாதிரி நின்றார்கள். ஜெரால்டு ஓடிவந்தார்.

"ஐயா, குடுங்கய்யா! இவர் அதிகாரி!"

"யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் பொன்னையா.

"நான்தான். நானே சொல்றேன், குடுங்க!"

"நீங்க கேட்டாலும் அது யார் கேட்டாலும்தானே தம்பி?"

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில், கொடுக்கக் கூடாது என்றுதான் விதி, கீழே போடக் கூடாது என்று விதி இல்லை என இன்பராஜ் கண்டுபிடித்தார். ஒன்பது பேரும் பாஸ்போர்ட்டை, கண்ணாடியைத் தாண்டி வெளியே வந்து நின்ற அதிகாரியின் காலடியில் போட்டார்கள். அவர் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் ஊரைச் சுற்றினார்கள். தண்ணீர் கக்கும் சிங்கச் சிலை, ராட்சத ராட்டினம், பூந்தோட்டம் என்று எங்கெங்கோ ஜெரால்டு கூட்டிப்போனார். இவர்கள் கொடியையே பார்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் கொடியில் ஓரத் தையல் ஒரு இடத்தில் விட்டிருந்ததும், கம்பில் மூன்று கணு இருந்ததும் ஒன்பது பேருக்கும் மனப்பாடம். சிங்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு முழத் துணியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இவர்கள் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை; மற்றவர்கள் அதை வெளியே சொல்வதில்லை.

குருவம்மாளுக்கோ கொடியிலும் மனம் இல்லை. இவர்கள் தங்கிய ஹோட்டலுக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் செல்லத்தாயின் அடுக்குமாடி வீடு. பதினோராவது மாடி. ஹோட்டல் ஜன்னலில் நின்றால் கம்பில் காயும் அவளுடைய ஊதாச் சேலை தெரிந்தது. பதினொரு வருடம் காத்திருந்து, கடைசியில் தங்கைக்குப் பதிலாகத் தங்கையின் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நான் மட்டும் ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேனே" என்று செண்பகராஜனிடம் கேட்டாள்.

"பிரியக் கூடாதும்மா. நீ அங்கயும் நாங்க இங்கயும் இருந்தா அதுக்குப் பேரு என்ன?"

"அப்போ எல்லாரும் வாங்க."

இதில் தப்பு இருப்பதாகப் பொன்னையாவுக்கே தெரியவில்லை. மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓய்வு என்று ஜெரால்டு சொல்லியிருந்தார். ஒன்பது பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள்.

லிஃப்ட் வந்தது. உள்ளே ஏற்கெனவே சிலர் இருந்தார்கள். இன்னும் ஏழு பேர்தான் ஏறலாம்.

"ரெண்டு பேர் அடுத்த தடவை வரலாமே" என்றாள் குருவம்மாள்.

"அது பிரிவுதானே?" என்றார் பொன்னையா. "ஏழு பேர் ஆகாசத்துல, ரெண்டு பேர் தரையில. எவ்வளவு பெரிய பிரிவு!"

படியில் ஏறினார்கள். ஆறாவது மாடியில் குருவம்மாளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் ஏற முடியாது. அவளால் ஏற முடியாது. ஒன்பது பேரும் படியிலேயே உட்கார்ந்தார்கள். இன்பராஜ் கொண்டுவந்திருந்த முறுக்கைப் பிரித்தார்.

அந்த நேரம் செல்லத்தாய் மாடியிலிருந்து இவர்கள் வருவதைப் பார்த்துவிட்டு லிஃப்டில் கீழே இறங்கினாள். கீழே யாரும் இல்லை. மேலே போய்விட்டார்களோ என்று ஏறினாள். மேலேயும் இல்லை. அப்படி ஐந்து தடவை இவர்களைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, "என்ன ஊரு இது, எந்நேரமும் மேலயும் கீழயும் அலையுறானுங்க" என்றார் செண்பகராஜன்.

இரண்டு மணி நேரம் முடிந்தது. இறங்கி வந்துவிட்டார்கள்.

கடைசி நாள் காலையில் ஜெரால்டு அலுத்துப்போய்விட்டார். ஆள் ஆளாக எண்ணி எண்ணிக் கண் பூத்ததால் ஒன்பது சிவப்புத் தொப்பி வாங்கிவந்து மாட்டினார். "இனிமே தொப்பிதான் கணக்கு. தொப்பி இருந்தா நம்ம குழு. தொப்பி இல்லாட்டி வெளியாள்" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

பஸ் புறப்படும் நேரம் பார்த்து, "ஏ அக்கா!" என்று ஒரு சத்தம். செல்லத்தாய் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். குருவம்மாள் வாயைத் திறப்பதற்குள் பொன்னையா நடுவில் வந்து நின்றார்.

"வெளியாளோட பேச்சுக் குடுக்கக் கூடாது."

"ஐயா, இவ என் கூடப்பிறந்தவய்யா!"

"கூடப்பிறந்தவங்களா இருக்கலாம். கூட வந்தவங்க இல்லையே."

"பதினொரு வருசமாச்சுய்யா இவ மூஞ்சியைப் பார்த்து! இன்னைக்கு சாயங்காலம் பிளேன் ஏறணும்!" குருவம்மாள் அழுதுவிட்டாள்.

செண்பகராஜனுக்கு இளகிய மனது. "தொப்பி இருந்தா குழுன்னுதானே சொன்னாங்க? அந்தம்மாவுக்கும் ஒரு தொப்பி மாட்டிட்டா அவங்களும் குழு. அப்புறம் தாராளமாப் பேசலாம்ல?"

எல்லோரும் கைதட்டினார்கள். தொப்பி ஒன்பதுதான் இருந்தது. யார் கொடுப்பது என்று ஒருவர் தலையை ஒருவர் பார்த்தார்கள். குருவம்மாள் தன் தொப்பியைக் கழற்றித் தங்கையின் தலையில் மாட்டிவிட்டுக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தாள்.

பொன்னையா செல்லத்தாயின் தோளைப் பிடித்து மெதுவாக இழுத்தார். "தள்ளி வாங்கம்மா. யாரோ வெளியாள் நிக்குது."

ஜெரால்டு போனில் பேசிக்கொண்டே ஒன்பது தொப்பியை எண்ணினார். எட்டுப் பேர் சேர்ந்து செல்லத்தாயை பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் நகர்ந்துவிட்டது. அவள் ஜன்னல் வழியாக வீட்டுச் சாவியை வீசி, "அக்கா! பதினொண்ணாவது மாடி! லிஃப்டுல போ!" என்று கத்தினாள்.

அன்று முழுதும் தான் இருபது தடவை பார்த்த இடங்களை எல்லாம் செல்லத்தாய் பச்சைக் கொடிக்குப் பின்னால் நடந்து இன்னொரு தடவை பார்த்தாள். நழுவப் பார்த்தபோதெல்லாம் எட்டுப் பேரும் பிடித்துக்கொண்டார்கள். சாக்லேட் கடையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள்.

சாயங்காலம் விமான நிலையத்தில் ஜெரால்டு, "குருவம்மாள்" என்று டிக்கெட்டை நீட்டினார். செல்லத்தாய் வந்து நின்றாள்.

"நீங்க யாருங்க?"

"குருவம்மா தங்கச்சி. காலையில இருந்து சொல்றேன், ஒருத்தரும் காது குடுக்கல."

ஜெரால்டு அவளிடம் நம்பர் வாங்கினார். அவளுடைய வீட்டுக்குப் போன் போட்டார். குருவம்மாள் எடுத்தாள்.

"அம்மா, ஒரு டாக்சி பிடிச்சு உடனே வாங்கம்மா! பிளேனுக்கு நேரமாச்சு!"

"நீங்க யாரு தம்பி?"

"ஜெரால்டும்மா! உங்க வழிகாட்டி!"

"எனக்கு வழிகாட்டி யாரும் இல்லையே. என் தலையில தொப்பி இல்ல, நான் வெளியாள். வெளியாளோட பேச்சுக் குடுக்காதீங்க தம்பி, ஏமாத்திருவாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இடுப்புப் பையில் பாஸ்போர்ட் இருந்தது, விசாவில் இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த ஒன்பது பேரில் விசாவைப் பார்த்துவைத்தவள் அவள் ஒருத்திதான்.

ஜெரால்டு தலையில் கை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். செல்லத்தாய் அவர் கையை விலக்கி, தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்து அழுத்திவிட்டு, வெளியே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. வெளியாள் போகிறதைத் தடுக்க அவர்கள் யார்? அரை மணி நேரத்தில் அவள் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பதினொரு வருடப் பேச்சு, வேறு எப்படிப் பேசி முடிப்பது?

இங்கே பொன்னையா தொப்பிகளை எண்ணினார். ஒன்பது. "சரியா இருக்கு அண்ணாச்சி. ஆனா வழிகாட்டியைக் காணோம்."

"நான்தான்யா வழிகாட்டி!" என்றார் ஜெரால்டு.

"நீங்க எங்க குழு. தொப்பி போட்டிருக்கீங்க. வழிகாட்டி தொப்பி போடமாட்டாரு."

ஜெரால்டு தொப்பியைக் கழற்றி எறிந்தார். உடனே எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். இவர் கத்தினார், கும்பிட்டார். வெளியாளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க தம்பி போயிட்டீங்க?" என்று இன்பராஜ் அன்போடு விசாரித்தார். "சொல்லாமப் பிரியக் கூடாதுல்ல?"

விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. செண்பகராஜனுக்குக் கவலை வந்துவிட்டது. எட்டுப் பேரும் ஜெரால்டை நடுவில் பிடித்துக்கொண்டு தகவல் கவுண்டருக்குப் போனார்கள். அவர்கள் கும்பிட்ட கும்பிடில், அங்கே இருந்த தமிழ்ப் பெண் மனமிரங்கி மைக்கைப் பிடித்தாள்.

"மதுரையைச் சேர்ந்த வழிகாட்டி ஜெரால்டு அவர்களே, நீங்கள் எங்கிருந்தாலும் உடனே தகவல் கவுண்டருக்கு வரவும். உங்கள் குழுவினர் காத்திருக்கிறார்கள்."

ஜெரால்டு துள்ளி முன்னால் போனார். எட்டுப் பேரும் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்காரவைத்தார்கள்.

"சும்மா இருங்க தம்பி" என்று அதட்டினார் பொன்னையா. "கூப்பிடறது அவரை. நீங்களும் போய்த் தொலைஞ்சுட்டா, அப்புறம் அந்த மனுசன் வந்து எண்ணும்போது நாங்க என்ன பதில் சொல்றது?"