பொற்கொடி நனைத்த ஏழு வளைகள்

காட்டுக் குளம் வற்றிக்கொண்டே வந்தது. பொற்கொடி என்ற முள்ளம்பன்றிக்கோ மண்ணில் தோண்டிய ஏழு வளைகளை நனைத்தாக வேண்டும்.

மிருகங்களின் தீனியை மண்ணுக்கடியில் பாதுகாத்துக் கொடுப்பது அவள் தொழில். ஆளுக்கு ஒரு வளை. முயலின் கிழங்கு ஒன்றில், மயிலின் கம்பு இன்னொன்றில். எப்போதோ கரடியின் தேன் ஒழுகி, அணிலின் கொட்டைகளில் எறும்பு மொய்த்ததாம். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அடுத்தவர் வளைக்குள் பொற்கொடிகூடத் தலையை நீட்டமாட்டாள். அது மரியாதையில்லை! தினமும் வாசலில் தண்ணீர் தெளித்துக் குளிர்ச்சியாக வைப்பாள். குளிர்ச்சி போனால் தீனி கெட்டுவிடும். மழை வரும்வரை காடே அந்தத் தீனியைத்தான் நம்பியிருந்தது.

ஒரு நாள் குளத்தங்கரையில், தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் யானை சொல்லிவிட்டது.

"குட்டிகள் குடிக்கவே போதவில்லை, பொற்கொடி. இனி இரண்டு வளை நனைக்கத்தான் தண்ணீர்."

"மீதி ஐந்தை என்ன செய்ய? வாயால் ஊதிக் குளிரவைக்கவா?"

யானை பாவம், காதை ஆட்டியது. வேறென்ன செய்யும்!

விஷயம் உடும்பின் காதுக்கு உடனே போய்விட்டது. "அக்கா, என் பாறைப் பொந்தைப் பார்! புத்தம் புதுசு, எவ்வளவு பெரிசு! தண்ணீரே தெளிக்க வேண்டாம். எல்லார் தீனியிலும் பாதியைக் கொடுத்துவிடு, உனக்கே தருகிறேன்."

"பாதியா! அப்புறம் நாங்கள் உன் பொந்தின் அழகைப் பார்த்தே பசியாறுவதா?"

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு தடுமாறியது. எல்லாம் அழுகிப்போவதைவிடப் பாதி மிஞ்சினால் தேவலையே!

அப்போது முயல் ஓடிவந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டது. "அக்கா, என் வளையை மட்டும் காயவிட்டுவிடாதே. பச்சைக் குழந்தைக்காரி நான். உள்ளே வந்து பார், இருப்பதே இவ்வளவுதான்!"

கூப்பிட்டபின் போகாமல் இருப்பாளா? பொற்கொடி முதல்முறையாக உள்ளே நுழைந்தாள். மூலையில் நாலைந்து கிழங்கு. மீதி இடமெல்லாம் வெற்று இருட்டு.

"அடிப்பாவி! இத்தனை நாளாக இந்த இருட்டுக்கா தண்ணீர் சுமந்தேன்?"

நேராக மயிலிடம் போனாள். "உன் வளையைத் திற."

"என்னுடையது நிரம்பி வழிகிறது!" என்று தோகையை விரித்தது மயில்.

"தோகையை மடக்கு, தம்பி. எனக்கு வேலை இருக்கிறது."

உள்ளே ஒரு பிடி கம்பு. மயில் தலையைக் குனிந்துகொண்டது. பொற்கொடி அதைக் குத்திக்காட்டவில்லை. பஞ்ச காலத்தில் யார் வீட்டில்தான் நிரம்பி வழிகிறது?

மற்ற ஐந்து வளைகளையும் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்; எல்லார் தீனியையும் சேர்த்தாலும் ஒரே வளைக்குள் அடங்கிவிடும். ஏழில் பெரிய வளைக்குள் அவள் ஈரமண்ணால் சுவர்கள் எழுப்பினாள். ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு கதவுக்கல்.

"முயலோடு ஒரே வீட்டிலா?" என்று மயில் முனகியது.

"கூரைதான் ஒன்று. அறை உன்னுடையது. உன் கல்லை நீதான் நகர்த்துவாய்."

"அந்தக் கூரையே இடிந்தால்? எல்லாருக்கும் ஒரே நாளில் பட்டினியா?"

"கேட்டாயே, இது கேள்வி!" பொற்கொடி உள்ளபடியே மெச்சினாள். பக்கத்து வளையிலும் அதேபோல் அறைகள் கட்டி, காலியாகவே வைத்து, அதையும் நனைத்துவந்தாள். தண்ணீர் சரியாக இருந்தது.

"வெறும் வளைக்குத் தண்ணீரா? இப்போது நீயும் இருட்டைத்தானே நனைக்கிறாய்!" என்று சிரித்தது உடும்பு.

"தெரியாமல் ஆறு வளை இருட்டை நனைத்தேன். தெரிந்து ஒன்றை நனைக்கிறேன். போய் உன் பொந்தைப் பெருக்கு!"

சில நாளில் ஒரு காட்டுப்பன்றி மிரண்டு ஓடியதில் பெரிய வளையின் கூரை விரிசல் விட்டு, மண் கொட்டத் தொடங்கியது. பொற்கொடி குரல் கொடுத்தாள். கரடியும் அணிலும் மற்றவர்களும் ஓடிவந்து அவரவர் தீனியைப் பக்கத்து வளைக்குத் தூக்கிக்கொண்டு போயின. குட்டிகளை விட்டு வரமுடியாமல் முயல் தவித்தபோது, அதன் கிழங்குகளை மயிலே கவ்விக்கொண்டு போய் வைத்தது. கூரை பொத்தென்று விழுந்தபோது உள்ளே ஒரு கம்பு மணிகூட இல்லை.

மழை வந்த அன்று முயலிடம் இன்னும் ஒரு கிழங்கு மீதியிருந்தது.

பற்றாக்குறை வந்ததும் புதிதாக வாங்க ஓடாமல், இருப்பதில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று முதலில் உள்ளே நுழைந்து பார்ப்பவரே பிழைத்துக்கொள்வார்.