மாசானம் வாங்கிய சீலா மீன்

தூத்துக்குடி மீன் மார்க்கெட்டுக்குள் ரவுடி மாசானம் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மாமூல் தராத ஒருவரின் கடையை அவன் கொளுத்தியதை எல்லோரும் பார்த்தார்கள். சாட்சி சொல்லத்தான் ஆளில்லை.

மார்க்கெட்டுக்கு கார்டு மெஷின் வந்த வாரம் அவன் அமலோற்பவத்தின் கடை முன் நின்றான்.

"காச எடு."

அவள் கல்லாவைத் திறந்து காட்டினாள். "எல்லாரும் கார்டுதான் தேய்க்காவ அண்ணாச்சி. காசு நேரா பேங்குக்குப் போயிருது."

"அப்ப பேங்க்லருந்து எனக்கு அனுப்பு!" அவன் கத்தியை மீன் பலகையில் குத்தினான்.

அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அனுப்புதேன் அண்ணாச்சி. உங்க முழுப்பேரும் அக்கவுண்ட் நம்பரும் சொல்லுங்க. எதுக்குன்னு பேங்க்ல கேட்டா, மாமூல்னே சொல்லிரட்டுமா?"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. மாசானம் கத்தியை உருவி இடுப்பில் செருகினான்.

"யாரு மாமூல் கேட்டா? மீன் வாங்கல்லா வந்தேன்!"

"சீலா நல்லாருக்கு அண்ணாச்சி," என்று அவள் எடைபோட்டு மெஷினை நீட்டினாள்.

அத்தனை பேர் பார்க்க அவன் கார்டைத் தேய்த்தான். அவன் வாசலைத் தாண்டிய பிறகுதான் அவள் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.