வைத்தியர் கேட்ட தண்ணீர்

முன்னொரு காலத்தில் மருதங்கோடு என்ற நாட்டைச் செம்பியராயன் ஆண்டுவந்தான். கோபம் வந்தால் தலை போகும், குஷி வந்தால் யானை கிடைக்கும். எது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. அவனுடைய மந்திரி அரிகண்டர் சபையையே சிரிக்க வைத்தவர். ஆனால் தை மாதத்திலிருந்து அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

அவருடைய ஏழு வயது மகள் நாச்சி காய்ச்சலில் போய்விட்டாள். "அப்பா, ஒரு வாய் தண்ணீர்" என்று மூன்று நாள் கெஞ்சினாள். காய்ச்சலுக்குத் தண்ணீர் ஆகாது என்று அரண்மனை வைத்தியர் ஏகாம்பரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மந்திரி கொடுக்கவில்லை.

அதன் பிறகுதான் ஆற்றங்கரைக்குப் போய் விசாரித்தார். அங்கே சலவைக்காரர்கள், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஈரத்துணி சுற்றி, கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளைகள் எழுந்து விளையாடின. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சித்திரையில் இளவரசன் காய்ச்சலில் விழுந்தான்.

"குழந்தைக்குத் தண்ணீர் கொடுங்கள், மன்னா" என்றார் மந்திரி.

"பாவம், மகள் போனதில் மந்திரிக்குப் புத்தி கலங்கிவிட்டது" என்றார் ஏகாம்பரம். மந்திரிக்கு இருந்த செல்வாக்கைப் பார்த்து அவருக்கு வெகுநாளாய்ப் பொறாமை.

"இருக்கலாம். வைத்தியர் கம்பளி போர்த்திக்கொண்டு முற்றத்து வெயிலில் உட்காரட்டும். சாயங்காலம்வரை தண்ணீர் கேட்காமல் இருந்தால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் மந்திரி.

தலை என்றதும் வைத்தியர் ஆசையாய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டார். மூன்று நாழிகைகூட ஆகவில்லை. "தண்ணீர்... தண்ணீர்..."

"சூடு தணியும்வரை ஆகாது என்பது தங்கள் வாக்கு அல்லவா?" என்றார் மந்திரி. ஆனாலும் மனம் கேட்காமல் தாமே செம்பை எடுத்துப்போய் அவர் வாயில் வைத்தார். "மன்னா, வெளியே சுடுகிற வெயிலுக்கே இந்தப் பாடு. உள்ளே சுடுகிற குழந்தை என்ன பாடுபடும்?"

அரசன் அந்தப்புரத்துக்கு ஓடினான். ஈரத்துணியும் தண்ணீருமாகப் பார்த்துக்கொண்டதில், மூன்றாம் நாள் பையன் "பசிக்கிறது" என்றான்.

"ஏகாம்பரத்தின் தலையை..." என்று எழுந்தான் அரசன்.

"வேண்டாம், மன்னா. நோயாளி கேட்டால் தண்ணீர் கொடுங்கள் என்று ஊர் ஊராகப் போய் அவரே சொல்லட்டும்."

சபை முன்னால் வைத்தியர் தலைகுனிந்தார். அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

வீட்டில் மனைவி உலகம்மை அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த யோசனை அன்றைக்கு ஏன் வரவில்லை உங்களுக்கு?"

மந்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்றைக்கு வைத்தியர் சொன்னதைக் கேட்டேன், உலகம்மை. பிள்ளை கேட்டதைக் கேட்கவில்லை."