மாவு கலைந்த இலை

"இந்த ஒரு இலையை மட்டும் எப்படியாவது காப்பாத்திக் குடுங்கம்மா" என்றார் நல்லசிவம்.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு வரை, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும், பூந்தொட்டியை மடியில் வைத்து அணைத்துப் பிடித்தபடியே வந்திருந்தார்.

களை கொத்திக்கொண்டிருந்த அருளம்மை களைக்கொட்டைக் கீழே வைத்தார்.

ஏற்காட்டில் ஒரு தகரக்கூரை வீட்டில் செடி வளர்த்துக்கொண்டு இருக்கிறவர் அவர். ஞானம் கேட்டு வருகிறவர்கள் கையில் முதலில் களைக்கொட்டைத்தான் கொடுப்பார். பாதிப் பேர் அத்தோடு ஊரைப் பார்க்கப் போய்விடுவார்கள். நல்லசிவம் போகாதவர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், அருளம்மையைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இருந்தும் நாலு வருஷம் மாதம் தவறாமல் வந்து, சீடன் என்று சொல்லிக்கொண்டு களை பிடுங்கினார். இந்த ஒன்றரை வருஷமாகத்தான் ஆளைக் காணவில்லை.

"செடியைக் காப்பாத்தணுமா, இலையையா?"

"இலையை."

தொட்டியில் இருந்தது எச்செவேரியா. தடித்த இலைகள் தாமரை போல அடுக்கடுக்காகச் சுற்றி நிற்கும் செடி. இலைகளின் மேல் அரிசிமாவைத் தூவியது போல ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுகிற புண்ணியவான்கள் உண்டு. துடைத்தால் போயிற்று. அந்த இலையில் மறுபடி மாவு வராது.

அடி வரிசையில் ஓர் இலையில் மாவு கலைந்திருந்தது. ஒரு கட்டைவிரல் அளவுக்கு. குனிந்து பார்த்தால் ரேகைகூடத் தெரிந்தது.

அந்த இலையின் நுனி சுருங்கத் தொடங்கியிருந்தது.

"அடி இலை காயத்தான் செய்யும் ஐயா. மேலே புதுசு வர வர, கீழே பழசு போகும்."

"தெரியும்மா. அதனாலதான் புதுசு வராமப் பார்த்துக்கிட்டேன்."

அருளம்மை செடியின் நடுவைப் பார்த்தார். குருத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த தழும்பு இருந்தது.

"கிள்ளினீங்களா?"

"மூணு தடவை."

அருளம்மைக்குக் கோபம் வந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"இது என்ன தப்புப் பண்ணுச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணலைம்மா." நல்லசிவம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாப்பாவும் ஒண்ணும் பண்ணலை."

பாப்பா என்றது அவருடைய ஒரே மகள் மதிவதனியை. ஓசூரில் வேலை பார்த்தவள். அருளம்மை அவளைப் பார்த்ததில்லை, பேச்சில் கேட்டதுதான்.

"லீவுக்கு வந்திருந்தாம்மா. காலையில பால்கனியில நின்னுக்கிட்டு, 'என்னப்பா, செடிக்குப் பவுடர் போட்டு வெச்சிருக்க'ன்னு சிரிச்சுக்கிட்டே இலையைப் பிடிச்சுட்டா. நான் கத்திட்டேன்."

"என்னன்னு?"

"'அறிவிருக்கா உனக்கு? இது திரும்ப வருமா?'ன்னு."

அருளம்மை அந்த இலையை மறுபடி குனிந்து பார்த்தார்.

"அஞ்சு வருஷம் ஒரு கை படாம வளர்த்த செடிம்மா. பார்க்கிறவங்க எல்லாம் மெச்சுவாங்க. அந்தக் கர்வம் எனக்கு. 'ஒரு இலைதானேப்பா'ன்னா. அதுக்கும் பேசலை. ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஏத்திவிடவும் போகலை. நாப்பது நாள்ல காய்ச்சல்னு போன் வந்துச்சு. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

வெளியே தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போய் மூடவில்லை.

"காரியம் எல்லாம் முடிஞ்சு, இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டு உடைக்கத்தான் போனேன். அப்பதான் ரேகையைப் பார்த்தேன்."

"போட்டோ எடுத்து வெச்சீங்களா?"

"நூறு இருக்கும். போட்டோவை அவ தொடலையேம்மா."

பெற்ற வயிறு மட்டும்தான் எரியும் என்று யார் சொன்னது? அந்த மனிதர் எரிந்துகொண்டிருந்தார்.

அருளம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு தட்டு நிறைய மணலும் பொடிக்கல்லும் கலந்து கொண்டுவந்து, அவர் முன்னால் வைத்தார்.

"இலையைக் கழட்டி இதுமேல வெச்சா, அடியில வேர் விடும். அந்த இடத்துல சின்னதா ஒரு செடி முளைக்கும்."

நல்லசிவத்தின் முகம் தெளிந்தது. "அப்ப இலை?"

"அந்த இலையைக் குடிச்சுத்தான் குட்டி வளரும். அது வளர்ந்ததும் இலை சருகாயிடும்."

"ரேகை?"

"போயிடும்."

"செடியிலேயே விட்டுட்டா?"

"அப்பவும் போயிடும். வாடின பிறகு கழட்டினா வேரும் விடாது. இன்னும் நாலஞ்சு நாள்தான்."

நல்லசிவம் தட்டையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கல் காட்டியவர். இப்போது தனக்கு ஒரு வழி தெரியவில்லை.

"நீங்களே எடுத்துடுங்கம்மா. என்னால முடியலை."

"என் விரல் அதுமேல படக் கூடாது ஐயா."

"இடுக்கி ஏதாவது குடுங்க."

"இடுக்கியில எடுத்தா நசுங்கும். அடி பிய்ஞ்சு போச்சுன்னா ஒண்ணுமே முளைக்காது. விரலாலதான் எடுக்கணும். கட்டைவிரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ. மெதுவா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆட்டணும்."

நல்லசிவம் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். மறுபடி நீட்டினார்.

அவர் விரல் அந்த இலைக்கு மேல் வெறுங்காற்றில் அலைந்தது.

"எங்கேம்மா பிடிக்கிறது? எங்கே பிடிச்சாலும் அவ ரேகை அழிஞ்சிடுமே."

"அவ எங்கே பிடிச்சா?"

"இதோ, இங்கே."

"அங்கேயே பிடிங்க."

நல்லசிவம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அருளம்மை அவரைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் கட்டைவிரலை வைத்தார்.

அவர் விரல் பெரிது. அவளுடைய ரேகை முழுவதும் அதற்கடியில் போனது.

வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு மெதுவாக இந்தப் பக்கம் ஆட்டினார். அந்தப் பக்கம் ஆட்டினார்.

இலை முழுசாக வந்தது.