செவ்வாய்க்கிழமை வெறும் அறை

நெடுமடை நாட்டில் ஏரிகள் நாற்பத்தொன்று. மன்னர் கம்பீரராயருக்கோ பல்லக்கில் ஏறினாலே தலை சுற்றும். அதனால் ஏரிகளை அரண்மனைச் சுவரிலேயே பார்த்துக்கொள்வார். ஏரிக்கு ஒரு சித்திரம். தண்ணீர் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும்.

அந்த ஏற்பாடு அரண்மனைக் கணக்கர் மாசிலாமணியுடையது. அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு சித்திரத்துக்கும் ஒரு மரப்பெட்டி செய்துவைத்திருந்தார். பெட்டிக்குள் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறைகள். அறைக்குள் அந்த மாதத்து நீரளவு எழுதிய ஓலைத் துண்டு. ஓரத்தில் தனியாக இன்னோர் ஓலை. ஒரு முழம் தண்ணீருக்குச் சுவரில் எத்தனை விரல் என்று அதில் இருக்கும். ஓவியர்கள் யாரும் ஏரியைப் பார்த்ததில்லை. பெட்டியைப் பார்ப்பார்கள், புள்ளி வைப்பார்கள், புள்ளிகளைக் கோட்டால் சேர்ப்பார்கள். ஓர் அறை வெறுமையாக இருந்தால் அந்த இடத்தில் கோட்டை விட்டுவிடுவார்கள்.

அந்த இடைவெளி மந்திரி தில்லைவிடங்கருக்குப் பிடிக்கவில்லை.

"அரசே, அறுந்த மாலை மாதிரி இருக்கிறது. வெறும் அறை என்றால் சுழி, அதாவது பூச்சியம் என்று கொண்டு, சித்திரத்தின் தரையில் புள்ளி வைத்துக் கோட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்."

"நல்ல யோசனை. இன்று முதல் எல்லாப் பெட்டிக்கும் இதுவே சட்டம்" என்றார் மன்னர்.

மாசிலாமணி வாயைத் திறப்பதற்குள் மன்னர் சாப்பிடப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மந்திரி மன்னரை அல்லிப் பேரேரியின் சித்திரத்துக்கு முன்னால் நிறுத்தினார். புரட்டாசியில் பதினான்கு முழம். ஐப்பசியில் கோடு நேராகத் தரைக்கு விழுந்திருந்தது. கார்த்திகையில் பத்தொன்பது.

"பார்த்தீர்களா அரசே? மீன் பிடிக்க ஏரியையே திறந்துவிட்டிருக்கிறான் அந்தப் பிச்சாண்டி! கார்த்திகை மழை வந்து அவனைக் காப்பாற்றிவிட்டது."

பிச்சாண்டி அந்த ஏரியின் மடையர். ஏரித் தண்ணீர் வெளியேறும் மடையைத் திறந்து மூடுபவரை அந்த நாட்டில் மடையர் என்றுதான் சொல்வார்கள்.

"நீக்குங்கள் அவனை! வெள்ளிக்கிழமைக்குள் ஊரைவிட்டே போகட்டும்" என்றார் மன்னர்.

"என் மைத்துனர் சும்மாதான் இருக்கிறார்..." என்று மந்திரி மெல்ல இழுத்தார்.

மாசிலாமணி முன்னால் வந்தார். "அரசே, ஐப்பசி வெள்ளத்தில் மடைப்பலகை உடைந்தது. பிச்சாண்டி மூச்சைப் பிடித்து மூழ்கி அதை அடைத்தார். அளவுகோலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அளக்க முடியவில்லை என்று ஆளும் அனுப்பினார். அந்த அறை வெறுமை. சுழி அல்ல."

"வெறுமைக்கும் சுழிக்கும் என்னய்யா வித்தியாசம்? இரண்டிலும் ஒன்றுமில்லை."

"இருக்கிறது அரசே."

"அப்படியானால் வெள்ளிக்கிழமை சபையில் எனக்குப் புரியவையும். முடியாவிட்டால் பிச்சாண்டியோடு நீரும் கிளம்பும், உம் பெட்டிகளோடு!"

மாசிலாமணி வீட்டுக்குப் போகவில்லை. நேராக அரண்மனை வைத்தியரின் வாசலுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை சபை நிறைந்திருந்தது. மூட்டை கட்டிக்கொண்டு பிச்சாண்டியும் ஓரமாக நின்றார். சுவரில் புதிதாக ஒரு சித்திரம். அதன் கீழே ஐந்தே அறைகள் உள்ள சின்னப் பெட்டி.

"இது எந்த ஏரி?" என்றார் மன்னர்.

"ஏரி இல்லை அரசே. தங்கள் நாடி. தினமும் காலையில் வைத்தியர் ஒரு விநாழிகை நேரம் பிடித்து எண்ணுவார் அல்லவா? ஞாயிறு முப்பது. திங்கள் இருபத்தொன்பது. புதன் முப்பத்தொன்று. வியாழன் முப்பது."

"நடுவில் கோடு தரையில் கிடக்கிறதே?"

"அது செவ்வாய். அறை வெறுமை. சட்டப்படி சுழி."

"நாடி சுழி என்றால்?"

மாசிலாமணி வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அதை என் வாயால் சொல்ல மாட்டேன் அரசே."

"நான் சொல்கிறேன்" என்றார் மாசிலாமணி. "செவ்வாய்க்கிழமை தாங்கள் இறந்துவிட்டீர்கள்."



"அபசகுனம்! மன்னர் எதிரிலேயே அமர்ந்திருக்கிறார்!" என்று மந்திரி கத்தினார்.

"இருக்கட்டுமே மந்திரியாரே. ஐப்பசியில் வற்றிய ஏரி கார்த்திகையில் நிரம்பியது என்றீர்கள். மன்னரும் செவ்வாய் போனார், புதன் வந்துவிட்டார்."

"யோவ், செவ்வாய்க்கிழமை நான் இரண்டு கிண்ணம் பாயசம் குடித்தேனய்யா!" என்று மன்னர் எழுந்தே விட்டார்.

"பெட்டியில் அது இல்லையே அரசே."

"வைத்தியர் பேத்தியின் காதுகுத்துக்குப் போயிருந்தார்! நாடி பிடிக்க ஆளில்லை. அளக்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று மன்னருக்கு உறைத்தது.

மாசிலாமணி கைகூப்பினார். "பிச்சாண்டியும் இதைத்தான் சொல்கிறார் அரசே."

மன்னர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "சரி, வெறுமை வேறு, சுழி வேறு. அந்தச் சட்டம் போகட்டும். பிச்சாண்டியை நீக்கிய ஆணையையும் ரத்து செய்கிறேன்."

"அந்தச் சிரமம் தங்களுக்கு எதற்கு அரசே? அது செவ்வாய்க்கிழமை போட்ட ஆணை. அன்றைக்கு ஆணையிடத் தாங்கள்தான் இல்லையே!"

மன்னர் சிரித்த சிரிப்பில் பெட்டிக்குள் ஓலைகள் குதித்தன. பிச்சாண்டிக்குப் புது அளவுகோலும் பட்டுத்துண்டும் கொடுத்தார். மாசிலாமணிக்குத் தன் விரல் மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார்.

மந்திரி இன்னும் நின்றுகொண்டிருந்தார். "அரசே, நாற்பத்தொரு ஏரியில் வேறு எங்காவது... மடையர் வேலை ஒன்று என் மைத்துனருக்கு..."

"ஏரிக்கு ஒரு மடையராக நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள், மந்திரியாரே" என்றார் மன்னர். "அரண்மனையில் மடையர் எத்தனை பேர் என்பதை மட்டும் நான் எழுதப் போவதில்லை. அந்த அறையை வெறுமையாக விடுகிறேன். அதற்காகச் சுழி என்று எண்ணிவிடாதீர்!"